அந்நியராய் வந்தவர் அமைத்த சபை: சீகன்பால்குவின் வாழ்வும் தரங்கம்பாடித் திருச்சபையின் விருந்தோம்பலும்

ஆய்வுச் சுருக்கம்

பார்த்தலோமேயு சீகன்பால்கு (1682 - 1719) தமிழ் அச்சு வரலாற்றிலும் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் விரிவாக ஆராயப்பட்டவர். அவர் ஓர் ஊர்ச்சபையின் போதகராக வாழ்ந்த 13 ஆண்டுகள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. தரங்கம்பாடிக்கு அந்நியராக வந்து வரவேற்பின்றி நின்ற அவர், பின்னர் அடிமைகள், ஆதரவற்ற பிள்ளைகள், உறவினரால் ஒதுக்கப்பட்டோர் ஆகியோருக்குப் புகலிடமாக ஒரு சபையை அமைத்தார். அந்நியரை ஏற்றல் என்னும் கிறித்தவ அறம் அவர் வாழ்வில் எவ்வாறு செயற்பட்டது, எங்கே எல்லை கண்டது என்பவற்றை இக்கட்டுரை அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சீகன்பால்கு, தரங்கம்பாடி, புதிய எருசலேம் ஆலயம், விருந்தோம்பல், திருவிருந்து, சபை வாழ்வு.

முன்னுரை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியம் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக அச்சொல்லை அப்பொருளிலேயே ஆள்கிறது. புதிதாய் வந்தவரைக் குறித்து, பின் அவருக்கு அளிக்கும் உணவையும் குறித்த அச்சொல், உறவினரை உபசரிப்பதினின்றும் வேறான ஓர் அறத்தைச் சுட்டி நிற்கிறது. அறிமுகமற்றவரை ஏற்றுக்கொள்வதே விருந்தோம்பல். திருக்குறள் அதனை இல்லறவியலில் தனி அதிகாரமாக வைத்து, இல்வாழ்க்கையின் பயன்களுள் தலையாயதாகக் காட்டுகிறது.

கிறித்தவ மறையிலும் இவ்வறத்திற்கு உயரிய இடம் உண்டு. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம், இறுதித் தீர்ப்பின்போது மாந்தர் அளக்கப்படும் செயல்களுள் ஒன்றாக அந்நியரை ஏற்றுக்கொள்வதைக் கூறுகிறது. அந்நியரை ஏற்றவர் கிறிஸ்துவையே ஏற்றவராவர் என்பது அப்பகுதியின் சாரம். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையார் தம் தலையாய வழிபாட்டுச் சடங்கைத் திருவிருந்து என்றே வழங்குவது இவ்விரு மரபுகளும் ஒரு சொல்லில் சந்திப்பதைக் காட்டுகிறது. ஒரு சபை யாரைத் தன் விருந்தில் அமர்த்துகிறது, யாருடன் அமர மறுக்கிறது என்பவற்றைக் கொண்டே அதன் தன்மையை அறியலாம். தமிழகத்தின் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபையாகிய தரங்கம்பாடிச் சபையை இந்நோக்கில் அணுகுவதற்கு அதனை அமைத்தவரின் வாழ்வே தக்க வாயிலாகும்.

இளமையும் அழைப்பும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். சீகன்பால்கு சிறுவயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்து, மூத்த தமக்கையின் அரவணைப்பில் வளர்ந்தார். உடல்நலக் குறைவு அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. கல்வியும் அதனால் பலமுறை தடைப்பட்டது.

அவர் பயின்ற ஹாலே நகரம் அக்காலத்தில் பயட்டிசம் எனப்பட்ட பக்தி இயக்கத்தின் நடுவிடமாக இருந்தது. வெளிச் சடங்குகளினும் உள்ளத்தின் மாற்றமே மேலானது என்று கருதிய அவ்வியக்கத்தார், அம்மாற்றம் ஏழைகளுக்கான தொண்டாக வெளிப்பட வேண்டும் எனவும் வலியுறுத்தினர். அங்குப் பேராசிரியராகவும் போதகராகவும் இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, சில ஆண்டுகளில் அனாதை இல்லம், அச்சகம், மருந்தகம் ஆகியவற்றோடு கூடிய பெரும் நிறுவனமாக வளர்ந்தது. பெற்றோரை இழந்த சீகன்பால்கு, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு உணவும் எழுத்தும் ஒருசேர அளித்த அந்நிறுவனத்தை நேரில் கண்டவர். பிற்காலத்தில் தரங்கம்பாடியில் அவர் ஆலயத்தையும் பள்ளியையும் பிரிக்காமல் அமைத்ததற்கு இவ்வனுபவம் முன்மாதிரியாக அமைந்தது எனலாம்.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்கு இறைப்பணியாளரை அனுப்ப விரும்பினார். அரசவைப் போதகரின் முயற்சியால் சீகன்பால்குவும் அவர்தம் நண்பர் ஹென்றி புளூட்சோவும் தெரிவுசெய்யப்பட்டனர். இருவரும் 1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அத்திங்கள் இறுதியில் சோபியா ஹெட்விக் என்னும் கப்பலில் புறப்பட்டனர். அப்போது சீகன்பால்குவுக்கு 23 வயது.

வரவேற்பில்லா வருகை

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் பெற்ற துறைமுக ஊராகும். கடலை நோக்கி நின்ற டேன்ஸ்போர்க் கோட்டையும், 1701இல் ஐரோப்பியருக்காக எழுப்பப்பட்ட சீயோன் ஆலயமும் அங்கே இருந்தன. அவ்வாலயத்தில் டேனிய வணிகரும் படைவீரரும் தம் மொழியில் வழிபட்டனர். அவர்தம் வீடுகளில் பணிசெய்த அடிமைகளோ, ஊரின் தமிழ்க் குடிகளோ அச்சபையின் அக்கறைக்கு உரியவராகக் கருதப்படவில்லை.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வந்திறங்கிய இருவரையும் ஆளுநர் யோகான் சிகிஸ்மண்ட் ஹாசியஸ் கடுமையுடன் எதிர்கொண்டார். மன்னரின் ஆணை அவர்கள் கையில் இருந்தது. எனினும் வணிகக் கும்பினியார்க்கு அப்பணியில் விருப்பமில்லை. சமயப் பணி உள்ளூர்க் குடிகளிடையே கலக்கத்தை விளைவிக்கும், அது வணிகத்தைப் பாதிக்கும் என்பது அவர்தம் அச்சம். ஏழு திங்களுக்கும் மேலாகக் கடலில் பயணம் செய்து வந்தவர்கள் தங்க இடமின்றிச் சந்தை வெளியில் விடப்பட்டனர். பின்னர் அவர்கள்மேல் இரங்கிய ஒருவரின் உதவியாலேயே உறைவிடம் கிடைத்தது.

இந்நிகழ்ச்சி சீகன்பால்குவைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் அவருடைய பொறுமைக்குச் சான்றாகவே கூறப்படுகிறது. அதனினும் நுட்பமான பொருள் அதற்கு உண்டு. அவரை ஏற்க மறுத்தவர்கள் அவரோடு ஒரே சமயத்தைச் சார்ந்தவர்கள், ஒரே திருச்சபை மரபினர், ஐரோப்பியர். ஆலயம் உள்ள ஊரில், அவ்வாலயத்தின் சபையாரிடையே, அச்சபையின் குருக்களே அந்நியராயினர். உறவின் அடிப்படையில் மட்டும் அமைந்த சபை வாழ்வு எவ்வளவு குறுகியது என்பதை அவர் முதல் நாளிலேயே கண்டார்.

தமிழ்ப் பள்ளி தந்த இடம்

ஐரோப்பியர் மறுத்த வரவேற்பைச் சீகன்பால்குவுக்கு முதலில் நல்கியது தமிழ்ப் பள்ளியாகும். முதிய ஆசிரியர் ஒருவர் தம் மாணவரோடு சீகன்பால்கு தங்கியிருந்த இல்லத்திலேயே பள்ளியை நடத்த இசைந்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, அவர்களைப் போலவே உரக்கச் சொல்லிச் சீகன்பால்கு தமிழ் நெடுங்கணக்கைக் கற்றார். வீடு அவருடையது, பள்ளி ஆசிரியருடையது. அக்கூடத்தில் விருந்தளித்தவர் யார், விருந்தினர் யார் என்று பிரித்தறிதல் அரிது.

பல மொழிகள் அறிந்த அழகப்பன் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் துணைநின்றார். எழுத்தறிந்த தமிழர் உதவியால் ஓலைச்சுவடிகள் திரட்டப்பட்டன. நாள்தோறும் நெடுநேரம் அவை அவருக்குப் படித்துக் காட்டப்பட்டன. 1708இல் அவர் தொகுத்த தமிழ்ச் சுவடி அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய அறநூல்களை அவர் ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். தமிழரின் ஒழுக்கமும் அறநூல்களும் ஐரோப்பியர் எண்ணியதினும் மேம்பட்டவை என்ற கருத்தை அவர் தம் மடல்களில் பலமுறை எழுதினார்.

இவ்வரவேற்புக்கு ஒரு விலையும் இருந்தது. அதனைச் செலுத்தியவர் சீகன்பால்கு அல்லர். தம் சமயச் செய்திகளை அந்நியருக்கு வெளிப்படுத்தினார் என்ற பழிக்கு ஆளான அழகப்பன், தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டுத் தஞ்சை அரசின் சிறையிலும் துன்புற்றார். அந்நியரை ஏற்றவர் தம் ஊரிலேயே அந்நியராதல் தரங்கம்பாடி வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

புதிய எருசலேம்: சபையின் தோற்றம்

சீகன்பால்குவும் புளூட்சோவும் முதலில் நாடியது டேனியர் இல்லங்களில் இருந்த அடிமைகளையே. மொழியாலும் பிறப்பாலும் வேறுபட்ட அவர்களுள் பலர் போர்த்துகீசிய மொழியின் கலப்பு வடிவத்தைப் பேசினர். அவர்களுக்கு நாள்தோறும் சிறிது நேரம் மறைக்கல்வி புகட்டப்பட்டது. 1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர்களுள் ஐவர் சீயோன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். எசமானர்களின் ஆலயத்தில் அடிமைகள் சபையாராகப் பெயர்சொல்லி அழைக்கப்பட்ட நாள் அது. அவர்தம் அடிமைநிலை அதனால் நீங்கிவிடவில்லை. எனினும் ஞானஸ்நானத் தொட்டியின்முன் எசமானருக்கும் அடிமைக்கும் ஒரே வாய்பாடு சொல்லப்பட்டது சிறிய செய்தியன்று.

புதிய சபைக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது. கும்பினியின் ஆதரவு கிட்டாத நிலையில், குருமார் தம் ஊதியத்திலிருந்து பொருள் ஒதுக்கி, கடற்கரையை ஒட்டிச் சிறிய ஆலயமொன்றை எழுப்பினர். 1707ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் அது புதிய எருசலேம் என்னும் பெயரோடு படைக்கப்பட்டது. அவ்வாலயத்தில் தமிழிலும் போர்த்துகீசியத்திலும் வழிபாடு நடந்தது. சீகன்பால்கு தமிழ்ச் சபையையும், புளூட்சோ போர்த்துகீசிய மொழிச் சபையையும் பேணினர். ஒரே கூரையின்கீழ் இரு மொழியினர் தத்தம் மொழியிலேயே இறைவனை வழிபட முடிந்தது. வந்தவர் மொழியைக் குடிகள்மேல் சுமத்தாமல், குடிகளின் மொழியை வந்தவர் கற்றுக்கொண்டது அச்சபையின் அடிப்படைப் பண்பாயிற்று. செப்டம்பர்த் திங்களில் தமிழர் ஒன்பதின்மர் ஞானஸ்நானம் பெற்றபோது தமிழ்ச் சபை உருப்பெற்றது.

ஆலயத்தோடு பள்ளியும் தோன்றியது. 1707இலேயே பிள்ளைகளுக்கு உணவும் உடையும் உறையுளும் அளித்துக் கற்பிக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. பெண்பிள்ளைகளுக்கும் தனிப்பள்ளி ஏற்பட்டது. எழுத்தறிவு பெண்களுக்குப் பொதுவாக எட்டாதிருந்த காலத்தில், ஏழைச் சிறுமியர் மறைநூலைத் தாமே படிக்கும் வண்ணம் பயிற்றப்பட்டனர். வழிபாடு, மறைவினாவிடை, பள்ளி, உணவு ஆகிய நான்கும் இச்சபையில் ஒரே ஒழுங்கின் கூறுகளாக இருந்தன.

விவிலிய மொழிபெயர்ப்பையும் இவ்வொழுங்கின் பகுதியாகவே காணவேண்டும். 1708ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறைவெய்தியது. இலண்டனிலிருந்த ஆங்கிலக் கிறித்தவச் சங்கம் அச்சுப்பொறியை அனுப்பியது. தமிழ் எழுத்துருக்கள் ஹாலேயிலிருந்து வந்தன. 1714இல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் பணிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறின. கடவுளைக் குறிக்கச் சறுவேசுரன் என்னும் சொல்லைச் சீகன்பால்கு ஆண்டார். அது அவருக்கு முன்பே தமிழகத்தில் பணியாற்றிய கத்தோலிக்கத் துறவியர் வழக்கில் இருந்த சொல். கொள்கையில் தாம் கடுமையாக மறுத்த சபையாரின் சொல்லையே தம் நூலுக்குள் அவர் ஏற்றுக்கொண்டார். மொழிக்குள் நிகழ்ந்த விருந்தோம்பல் என இதனைக் கொள்ளலாம்.

சிறைவாசமும் சபையின் சோதனையும்

சபை வளர வளர ஆளுநருடனான முரண்பாடும் வளர்ந்தது. கடன் வழக்கொன்றில் ஏழை விதவை ஒருவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசியது அதனை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. ஆட்சியில் குறுக்கிடுகிறார் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1708ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் டேன்ஸ்போர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். நான்கு திங்கள் கழித்து 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் விடுதலை கிடைத்தது.

புதிதாய்ச் சேர்ந்த சபையாருக்கு இச்சிறைவாசம் பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. தம்மை ஏற்றவரே சிறைப்பட்டபின் யாரை நம்புவது என்னும் வினா எழுந்தது. சீகன்பால்கு சிறையில் கிறித்தவ வாழ்வையும் போதகர் கடமையையும் பற்றி நூல்கள் எழுதினார். விடுதலைக்குப்பின் ஆளுநரைப் பழிவாங்க அவர் முயலவில்லை. தம் சபையைத் திரட்டும் பணியையே மேற்கொண்டார். 1709இல் யோகான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லர் முதலியோர் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தனர். கிரண்ட்லர் இறுதிவரை சீகன்பால்குவின் உற்ற துணைவராக விளங்கினார்.

விதவையின் வழக்கு சிறப்பாக நோக்கத்தக்கது. ஆலயத்திற்குள் ஏழைக்கு இடமளிப்பதை ஆளுநர் வேண்டாவெறுப்பாகவேனும் பொறுத்துக்கொண்டார். ஆலயத்திற்கு வெளியே, வழக்கு மன்றத்தில், ஏழையின் பக்கம் நின்றபோதே சிறைக்கதவு திறந்தது. வழிபாட்டோடு நிற்கும் விருந்தோம்பல் அதிகாரத்தை அச்சுறுத்துவதில்லை. நீதியைக் கேட்கத் தொடங்கும்போது அது குற்றமாகிறது.

வீட்டை இழந்தவர்களின் வீடு

கிறித்தவராக மாறியோரின் நிலை எளியதன்று. குடும்பம், சாதிக் கட்டுப்பாடு, தொழில் மூன்றும் பின்னிப்பிணைந்திருந்த சமுதாயத்தில் சமயம் மாறியவர் மூன்றினின்றும் ஒருசேர விலக்கப்பட்டனர். உறவினர் வீட்டுப் பந்தியில் அவர்களுக்கு இலை விழவில்லை. பிறந்த வீட்டுத் திண்ணையே அவர்களுக்கு அயலாயிற்று. இத்தகையோருக்குச் சபை வழிபாட்டுக் கூட்டமாக மட்டும் இருத்தல் போதாது. உறவாகவும் பிழைப்பாகவும் அது இருக்க வேண்டியிருந்தது. பள்ளிகளிலும் அச்சகத்திலும் சிலருக்கு வேலை கிடைத்தது, சிலர் உபதேசியாராயினர். சபையைச் சார்ந்து வாழ்ந்தவர்களைச் சோற்றுக்காக மதம் மாறியவர் எனப் பிறர் இகழ்ந்ததும் உண்டு. அவர்தம் பிழைப்பைப் பறித்தது எது என்பதை இகழ்ந்தோர் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. இவர்கள் வீடிழந்ததற்குச் சீகன்பால்குவின் அழைப்பும் காரணம் அன்றோ? அவருடைய விருந்தோம்பல் நிபந்தனையற்றதன்று. அவர் நம்பிக்கையை ஏற்றவர்க்கே சபையின் முழு உறவும் வாய்த்தது. இதனை மறைத்தல் ஆய்வு நேர்மைக்கு ஒவ்வாது. அதே வேளையில், தம் அழைப்பால் வீடிழந்தவர்க்கு வீடு தரும் கடமை தமக்குண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதும் மறுக்கவியலாதது. கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் அவர் இடைவிடாது பொருள் கேட்டு ஐரோப்பாவுக்கு மடல் எழுதியதன் பின்னணி இதுவேயாகும்.

நம்பிக்கையை ஏற்காதவரிடமும் அவர் உரையாடலைக் கைவிடவில்லை. 1712 முதல் 1714 வரை அவரும் கிரண்ட்லரும் தமிழரிடம் சமயம், குடும்பம், மருத்துவம், கல்வி, வழக்காறுகள் பற்றி வினாக்கள் அனுப்பி விடை மடல்கள் பெற்றனர். அம்மடல்களுள் 99 ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியிடப்பட்டன. கிறித்தவர்களின் ஒழுக்கத்தைத் தமிழர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதும் அவற்றில் ஒளிவின்றிப் பதிவாகியுள்ளது. தம்மைக் குறைகூறும் குரலையும் தம் நூலுக்குள் அனுமதித்தமை சீகன்பால்குவின் பண்புகளுள் குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு குறித்து 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலைப் பிராங்கே அச்சிட விரும்பவில்லை. பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனைப் பரப்பலாகாது என்பது அவர் கருத்து. 1867இல் சென்னையில்தான் அந்நூல் முதன்முதலாக அச்சேறியது. தரங்கம்பாடியில் அமர்ந்து தமிழரின் சொல்லைச் செவிமடுத்தவருக்கும், தொலைவிலிருந்து பணியை வழிநடத்தியவர்க்கும் இடையே இருந்த இடைவெளிக்கு இது சான்று.

ஐரோப்பியப் பயணமும் இறுதி ஆண்டுகளும்

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் அவருடன் சென்றார். கப்பலில் இருவரும் சேர்ந்து உழைத்ததன் பயனாக இலத்தீன் மொழியில் அமைந்த தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. முன்பு மணலில் எழுதிப் பயின்ற அந்நியர் சீகன்பால்கு. இப்போது பனிப்பொழியும் அயல்நாட்டில் அந்நியராக நின்றவர் மலையப்பன். சீகன்பால்கு அப்பயணத்தில் டென்மார்க் மன்னரையும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜையும் கண்டார். மரியா தொரொத்தேயா சால்ட்ஸ்மன் அம்மையாரை மணந்தார். 1716இல் தமிழகம் மீண்டார்.

சபையார் பெருகியமையால் பழைய ஆலயம் போதவில்லை. 1717இல் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிலுவை வடிவிலமைந்த அவ்வாலயம் 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் படைக்கப்பட்டது. பழைய பெயரே அதற்கும் வழங்கிற்று. முகப்பில் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையும் 1718 என்னும் ஆண்டும் இன்றும் காணக்கிடைக்கின்றன.

அவ்வாண்டுகளில் கோபன்ஹேகன் அருட்பணிக் குழுவின் செயலாளரான கிறிஸ்தியான் வெண்ட் கடுமையான மடல்களை அனுப்பினார். அப்போஸ்தலர் கட்டடங்கள் எழுப்பியதில்லை, பள்ளிகள் நடத்தியதில்லை, வெறுங்கையராய் ஊர்தோறும் சென்று போதித்தனர். தரங்கம்பாடியாரும் அவ்வாறே வாழவேண்டும் என்பது அவர் வாதம். கேட்பதற்கு அது தூய துறவு நெறியாகத் தோன்றும். ஆனால் தரங்கம்பாடியில் ஆலயமும் பள்ளியும் உறைவிடமும் இல்லையேல், வீட்டினின்றும் விரட்டப்பட்ட சபையாரும் பெற்றோரற்ற பிள்ளைகளும் தெருவில்தான் நிற்கவேண்டும். சந்தை வெளியில் ஒருமுறை நின்றறிந்தவர் சீகன்பால்கு. கூரையின் தேவையைக் கூரையின்கீழ் அமர்ந்திருந்தவர்க்கு அவர் விளக்க வேண்டியிருந்தது. அவ்விளக்கம் ஏற்கப்படுவதைக் காணும் முன்பே அவர் உடல்நலம் குலைந்தது.

1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 36ஆம் வயதில், சீகன்பால்கு காலமானார். நான்கு திங்களுக்கு முன்பு தாம் படைத்த புதிய எருசலேம் ஆலயத்திற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டே கிரண்ட்லரும் மறைந்தார்.

விருந்தோம்பலின் எல்லை

சீகன்பால்கு விட்டுச்சென்ற சபை அவரோடு முடியவில்லை. 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆறுமுகம், ஆரோன் என்னும் பெயரோடு உபதேசியாராகப் பணியாற்றி, 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயத்தில் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் உள்நாட்டுக் குரு அவரே. விருந்தினராய் வந்தோர் கட்டிய சபையில் அவ்வூரார் விருந்தளிப்பவராயினர்.

ஆனால் அவ்விருந்தின் எல்லையும் அக்காலத்திலேயே புலப்பட்டது. தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்த உபதேசியார் இராஜநாயக்கன் திறமையிலும் தொண்டிலும் எவர்க்கும் குறைந்தவரல்லர். எனினும் ஆரோனுக்குப்பின் குருப்பட்டத்திற்குரியவரைத் தெரிந்தெடுக்கையில் அவர் தவிர்க்கப்பட்டார். அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதிக் கிறித்தவர் இசையமாட்டார் என்பதே காரணம். சபைக்குள் எல்லார்க்கும் இடம் கிடைத்தது. திருவிருந்தைப் பரிமாறும் உரிமை எல்லார்க்கும் கிடைக்கவில்லை. உண்ண அழைப்பதும் பரிமாற அனுமதிப்பதும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்ப் பந்திகள் நெடுங்காலமாக அறியும். அவ்வேறுபாடு ஆலயத்திற்குள்ளும் நுழைந்தது.

இருக்கை வேறுபாடுகளும் தமிழகத்துச் சீர்திருத்தச் சபைகளில் வேரூன்றின. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை முற்றிலும் ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபையார் பலர் எதிர்த்துப் பிரிந்தனர். கடல்கடந்து வந்த அந்நியரை ஏற்கக் கற்ற சபைகள், அடுத்த தெருவில் பிறந்தவரை ஏற்கத் தயங்கின. தொலைவிலுள்ள அந்நியரை ஏற்பதினும் அருகிலுள்ள அந்நியரை ஏற்பதே கடினம் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகிறது.

முடிவுரை

சீகன்பால்குவின் வாழ்வில் விருந்தோம்பல் மூன்று நிலைகளில் நிகழ்ந்தது. தம் சமயத்தாரால் மறுக்கப்பட்டு, தமிழ் ஆசிரியராலும் அழகப்பனாலும் ஏற்கப்பட்ட விருந்தினர் நிலை முதலாவது. அடிமைகளையும் பிள்ளைகளையும் வீடிழந்தோரையும் ஏற்றுச் சபையாக்கிய நிலை இரண்டாவது. அவர் மறைவுக்குப்பின் அச்சபை தன் விருந்தைத் தானே சோதித்துப் பார்க்க நேர்ந்த நிலை மூன்றாவது. முதல் நிலையில் பெற்ற அனுபவமே இரண்டாம் நிலைக்கு வித்தாயிற்று என்பதை அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. சமயமாற்றத்தை வேண்டி நின்ற வரவேற்பு அது என்பதும், அவ்வரவேற்பின் சுமையைத் தமிழரே பெரிதும் தாங்கினர் என்பதும் சேர்த்தெண்ணத்தக்கவை.

அவரை அச்சுத் தந்தையாகவோ மொழிபெயர்ப்பு முன்னோடியாகவோ மட்டும் காணும் நோக்கு, அச்சகமும் மொழிபெயர்ப்பும் யாருக்காக ஏற்பட்டன என்பதை மறைத்துவிடக்கூடும். அவை ஞாயிறுதோறும் தரங்கம்பாடிக் கடற்கரை ஆலயத்தில் கூடிய சிறு சபைக்காக ஏற்பட்டவை. அச்சபையாருள் பலர் வேறெந்த வீட்டிலும் வரவேற்பில்லாதவர்கள். திருவிருந்து என்னும் தமிழ்ச் சொல்லை இன்றைய சபைகள் வழங்கும்போது, அதன் முதற்கூறாகிய விருந்து புதியவரையே குறிக்கும் என்பதையும், இராஜநாயக்கனின் கை அவ்விருந்தினின்றும் விலக்கப்பட்டதையும் ஒருங்கே நினைவுகொள்ளுதல் வேண்டும். சபை வரலாற்றாய்வு இனிக் குருமாரின் அருஞ்செயல்களோடு நில்லாது, பந்தியில் அமர்ந்தோர், பரிமாறியோர், வெளியே நின்றோர் ஆகியோரையும் ஒருசேர நோக்கி விரிதல் தக்கதாகும்.